ஒரு கிரேனுக்கு ஒரு கை

முப்பத்து நான்கு வருஷம் அவர் தரையிலிருந்து பத்து மாடி உயரத்தில், ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து வேலை பார்த்தவர். என்னிடம் வந்தபோது சக்கர நாற்காலியிலிருந்து ஒரு சாண் எழ முடியவில்லை.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். இருபது டன் கன்டெய்னரைக் கப்பலிலிருந்து தூக்கி லாரியின் முதுகில் வைப்பார். சரக்கு ஏறிவிட்டது என்று லாரி டிரைவருக்கே தெரியாதாம். பஞ்சு மாதிரி வைப்பார் என்று ஆரம்பித்து, கடைசியில் பஞ்சு என்பதே அவர் பெயராகிவிட்டது. எங்கள் மருத்துவமனை அட்டையில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தேன், திரும்பவே இல்லை. "பஞ்சண்ணே" என்றால் மட்டும் திரும்பி, "சரி" என்பார்.

அந்த "சரி" ஒன்றுதான் அவருக்கு மிஞ்சியிருந்த சொல். ஒரு விடுமுறை நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவருக்குப் பக்கவாதம் வந்தது. மூளையின் இடப்பக்கம். வலது கை தொங்கிவிட்டது, வலது கால் பாதி போய்விட்டது, பேச்சு முழுசாகப் போய்விட்டது. வலிக்கிறதா என்றால் சரி. பசிக்கிறதா என்றால் சரி. உங்களுக்கு என்ன வயசு என்றாலும் சரி. நல்ல மனுஷர் என்றுதான் முதலில் தோன்றும். மூன்றாவது நாள்தான் விஷயம் புரியும்.

நான் பக்கவாத வார்டில் பிசியோவாக இருபத்திரண்டு வருஷம் வேலை பார்க்கிறேன். கை கால் பலவீனம் எனக்குப் புதிதில்லை. தேய்ந்த காலை வைத்துக்கொண்டு நடக்கச் சொல்லிக்கொடுத்து அனுப்பியவர்களை எண்ணினால் ஒரு பேருந்து நிறையும். ஆனால் காலுக்கு ஆணை கொடுக்கிற இடமே குழம்பிப்போனவர்களிடம்தான் என் பொறுமை காலியாகும். பஞ்சண்ணனின் கையில் சீப்பைக் கொடுத்தால் அதை வாயில் வைத்துப் பல் தேய்ப்பார். சட்டையைக் கொடுத்தால் மடியில் போட்டுத் தடவிக்கொண்டிருப்பார். "எழுந்திருங்க" என்றால் முகத்தை மலர வைத்துக்கொண்டு "சரி" என்பார். உட்கார்ந்தே இருப்பார். காலில் பலம் இல்லாமல் இல்லை. கட்டிலில் ஈ உட்கார்ந்தால் அதை விரட்ட இடுப்பைத் தூக்கிப் புரளுவார். நான் சொன்னால் மட்டும் நடக்காது.

இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு வழிமுறை உண்டு. குறைந்த வார்த்தை, தினமும் அதே வார்த்தை, அதே வரிசை, அதே நாற்காலி, அதே ஆள். தப்பு செய்யவே விடக்கூடாது, தப்பும் பழகிவிடும். ரேடியோவை அணைத்தேன். பக்கத்துக் கட்டில் தெரியாமல் திரையை இழுத்தேன். பாதத்தைப் பின்னால் தள்ளி வைத்து, முதுகில் தட்டி, "முன்னால... மேல..." என்று இரண்டே வார்த்தையாக மூன்று வாரம் தலைகீழாக நின்று பார்த்தேன். இரண்டு பேர் சேர்ந்து தூக்கினால் பயந்துபோய், நல்ல கையால் எங்களையே பின்னால் தள்ளுவார். அப்போதும் வாயில் சரிதான்.

இதையெல்லாம் அவர் மனைவி கதவோரப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். மடியில் எப்போதும் ஒரு பழுப்பு நிறத் துணிப்பை. அதில் கணவரின் மாற்றுச் சட்டை, துண்டு, ஒரு வாட்டர் பாட்டில். பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கி ஓய்வு பெற்றவர், நாலடி எட்டு அங்குலம், கையில் மட்டும் நல்ல வலு. என்னைச் சிஸ்டர் என்று கூப்பிடுவார். நான் நர்ஸ் இல்லை என்று மூன்று தடவை சொல்லிவிட்டு விட்டுவிட்டேன்.

"மேல கூண்டுல இருக்கும்போது வராம வீட்ல வந்துச்சே சிஸ்டர், அந்த மட்டுக்கும் நல்லதுன்னு நெனச்சுக்கிட்டேன்" என்றார் முதல் நாளே.

அவரிடம் நான் ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்லியிருந்தேன். எங்கள் வார்டில் எட்டு வாரம்தான். எட்டாம் வாரம் வெள்ளிக்கிழமை பெரிய டாக்டர் வந்து பார்ப்பார். ஒரே ஒரு ஆள் துணையோடு கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறினால் நோயாளி வீட்டுக்குப் போகலாம். இரண்டு ஆள் தேவைப்பட்டால் பராமரிப்பு இல்லத்துக்குப் போக வேண்டும், அங்கிருந்து யாரும் அநேகமாக வீடு திரும்புவதில்லை. வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். ஒரே மகள், கடல் தாண்டி, கைக்குழந்தையோடு.

"அப்ப அந்த ஒரு ஆள் நீங்கதான் அக்கா" என்றேன்.

"அவரு வந்தாப் போதும் சிஸ்டர். நான் பாத்துக்குவேன்."

வீட்டை அளந்து பார்க்க நானே போனேன். நான்காவது மாடி, இரண்டு அறை. படுக்கையறையிலிருந்த அலமாரியை அக்கா ஒற்றை ஆளாகக் கூடத்துக்குத் தள்ளியிருந்தார். தரைவிரிப்பு எல்லாம் சுருட்டி மூலையில். கட்டிலுக்குக் கைப்பிடி வாங்கித் திருகியாகிவிட்டது. குளியலறை வாசலில் சக்கர நாற்காலி நுழையுமா என்று அட்டைப்பெட்டியை அதே அகலத்துக்கு வெட்டி, தள்ளித் தள்ளிப் பார்த்திருந்தார். சுவரில் ஒரு புகைப்படம்: கிரேனுக்கு அடியில் பஞ்சண்ணன், பக்கத்தில் ஆரஞ்சு நிற மேலங்கி போட்ட ஒரு ஒல்லி ஆள்.

அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அக்கா ஒரு கதையைச் சொன்னார். ஒரு தடவை கப்பல் கிளம்ப நேரமாகிவிட்டது என்று மேனேஜரே கீழே வந்து நின்று, தூக்கு தூக்கு என்று கை காட்டினாராம். பஞ்சண்ணன் கூண்டுக்குள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மேனேஜர் தொண்டை கிழியக் கத்தியும் நகரவில்லை. கால் மணி நேரம் கழித்து அந்த ஒல்லி ஆள் வந்து கை காட்டிய பிறகுதான் தூக்கினார். அதற்குள் ஒரு தொழிலாளி சங்கிலியை மாட்டிவிட்டு, சரக்குக்கு அடியிலிருந்து வெளியே வந்திருந்தார்.

"மேனேஜர் என்ன, நான் கை காட்டுனாக்கூட தூக்க மாட்டாரு" என்று சிரித்தார் அக்கா. நானும் சிரித்தேன். இந்தக் காதால் கேட்டுச் சிரித்தேன், அதுதான் இன்றைக்கும் ஆறவில்லை.

நான்காம் வாரம் செவ்வாய்க்கிழமை அந்த ஒல்லி ஆளே நேரில் வந்தார். கிரேன் ஓட்டுநருக்குக் கீழே நின்று கைச்சாடை காட்டுகிறவரைச் சிக்னல்காரர் என்பார்கள். உயரத்தில் இருப்பவருக்குக் கீழே நடப்பது பாதி தெரியாது, சத்தமும் கேட்காது. சிக்னல்காரரின் கைதான் கண். பத்தொன்பது வருஷம் பஞ்சண்ணனுக்குக் கண்ணாக இருந்தவர் அவர். வாசலிலேயே நின்று, நண்பனின் கோலத்தைப் பார்த்து ஒரு நொடி தடுமாறினார். பிறகு என்ன பேசுவது என்று தெரியாமலோ என்னவோ, வலது கையை உயர்த்தி, ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சின்னதாக ஒரு வட்டம் போட்டார்.

பஞ்சண்ணன் எழுந்தார்.

யாரும் தொடவில்லை, யாரும் சொல்லவில்லை. முன்னால் சாய்ந்து, நல்ல காலில் பாரத்தைப் போட்டு, மனுஷர் எழுந்தே விட்டார். நாற்காலிக்குப் பிரேக் போட்டிருக்கவில்லை, அது பின்னால் ஓடியது. நான் பாய்ந்து அவர் இடுப்பில் கட்டியிருந்த பட்டையைப் பிடித்து, அவர் வலது முழங்காலை என் முழங்காலால் முட்டுக்கொடுத்து நிறுத்தினேன். என் வாழ்க்கையில் பிரேக் போட மறந்ததற்காக நான் திட்டு வாங்காத ஒரே நாள் அதுதான். அக்கா பையைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றார்.

மறுநாள் வரும்படி சிக்னல்காரரைக் கெஞ்சினேன். வந்தார், அந்தப் பழைய ஆரஞ்சு மேலங்கியைப் போட்டுக்கொண்டு வந்தார். தன்னைத் தவிர வேறு யார் கை காட்டினாலும் அது இல்லாமல் பஞ்சண்ணன் கண்ணில் படாது என்றார். நான்கு சாடை சொல்லிக்கொடுத்தார். விரலை மேலே நீட்டி வட்டம் போட்டால் தூக்கு. கீழே நீட்டி வட்டம் போட்டால் இறக்கு. உள்ளங்கை தரையைப் பார்க்கக் கையை நீட்டி இருபக்கமும் வீசினால் நிறுத்து.

"இது கடைசி மேடம்" என்று இரண்டு கைகளையும் வயிற்றுக்கு முன்னால் கோர்த்துக் காட்டினார். "எல்லாத்தையும் கட்டிப்போட்டாச்சு, எறங்கி வீட்டுக்குப் போலாம்."

பிறகு அவர் பஞ்சண்ணனுக்கு நேர் எதிரே போய் நின்று மேலங்கியைக் கழற்றினார். அதைக் கையில் பிடித்துக்கொண்டு அக்காவைப் பார்த்தார்.

"அண்ணி, நீங்க போட்டுக்குறீங்களா?"

அக்கா பையைப் பெஞ்சில் வைத்தார். ஒரு அடி முன்னால் வந்தார், கையும் நீண்டது.

நான் சொன்னேன், "இல்லங்க, மொதல்ல பயிற்சி தெரிஞ்சவங்க செய்யணும். அக்கா, நீங்க அங்கயே இருங்க. நடுவுல ரெண்டு பேர் இருந்தா அவருக்குக் கவனம் சிதறும்."

அது பொய்யில்லை. பாடப்புத்தகத்தில் உள்ளதுதான். அக்கா போய் உட்கார்ந்தார், பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சிக்னல்காரர் பஞ்சண்ணன் பார்க்கப் பார்க்க மேலங்கியை என் தோளில் மாட்டிவிட்டு, "அண்ணே, இனிமே இவங்கதான்" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அடுத்த நான்கு வாரம் நான் தரையில் நடக்கவில்லை. காலை பத்து மணிக்கும் மதியம் ஒரு தடவையும் அந்த மேலங்கியை மாட்டிக்கொண்டு போவேன். வார்டே எட்டிப் பார்க்கும். விரலைச் சுழற்றினால் எழுவார். நடு வழியில் கையை வீசினால் அப்படியே நிற்பார், சின்ன நடுக்கம்கூட இல்லாமல். கை காட்டிய பக்கம் திரும்புவார், கீழே காட்டினால் நாற்காலியில் உட்காருவார். அதுவும் எப்படி? பஞ்சு மாதிரி. நாற்காலி சத்தமே போடாது. கடைசியில் கையைக் கோர்ப்பேன். உடனே முதுகைச் சாய்த்து, பெருமூச்சு விட்டு, "சரி" என்பார். அந்த ஒரு சரி மட்டும் உண்மையான சரி. சொல்லிவிட்டு அக்காவின் மடியிலிருக்கும் பையை நோக்கி நல்ல கையை நீட்டுவார். வேலை முடிந்து இறங்கி வரும்போது சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிய பழக்கம். அக்கா பையைக் கொடுப்பார். அதை மடியில் வைத்துக்கொண்டு அறைக்குப் போகிற வரைக்கும் திருப்தியாக இருப்பார்.

பெரிய டாக்டர் மாணவர்களைக் கூட்டிவந்து காட்டினார். "நம்ம பிசியோவோட மூளை எப்படி வேலை செய்யுது பாருங்க" என்றார். எனக்குத் தலைக்கனம் ஏறவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பாதீர்கள். அக்காவுக்கு என்ன சொல்லிக்கொடுத்தேன்? முழங்காலுக்கு எப்படி முட்டுக்கொடுப்பது, பட்டையை எங்கே பிடிப்பது, இதெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். என்னையே நோயாளியாக உட்காரவைத்துப் பழகினார். கெட்டிக்காரி, மூன்றே நாளில் என்னைத் தூக்கி நிறுத்தினார். சாடைகளும் மனப்பாடம். பஞ்சண்ணனோடு கடைசி நாளில் செய்தால் போதும், அதுவரை கெடுத்துவிட வேண்டாம் என்று நான்தான் முடிவு செய்தேன்.

எட்டாம் வாரம் வெள்ளிக்கிழமை. பெரிய டாக்டர், சமூகப்பணி அலுவலர், நான். அக்கா மேலங்கியைப் போட்டுக்கொண்டார், அது முழங்கால்வரை வந்தது. பட்டையைச் சரியாகப் பிடித்தார், முழங்காலைச் சரியாக வைத்தார். விரலை உயர்த்தி, நான் போடுவதைவிட அழகாக வட்டம் போட்டார்.

பஞ்சண்ணன் அவரைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "சரி" என்றார். எழவில்லை.

அக்கா மறுபடி சுழற்றினார். அவர் கண் அக்காவைத் தாண்டி, டாக்டரைத் தாண்டி, அறை முழுக்கத் தேடி, சுவரோரம் நின்ற என்மேல் வந்து நின்றது. என் கையைப் பார்த்தார். அது என் சட்டைப்பைக்குள் இருந்தது.

"என்னங்க, எழுந்திரிங்க. நான்தாங்க. வீட்டுக்குப் போலாங்க."

"சரி."

அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வேண்டாம் விடுங்கள் என்பதுபோலப் பதற்றத்தில் கையை வீசினார். உள்ளங்கை கீழே இருந்தது போலும். பஞ்சண்ணன் அசையாமல் இறுகி உட்கார்ந்தார், மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு. டாக்டர் எதையோ எழுதினார்.

நான் அன்று டாக்டரின் பின்னாலேயே வராந்தா முழுக்க ஓடி, ஒரு வாரம் வாங்கினேன். பிறகு சிக்னல்காரருக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"மேடம், நீங்க அண்ணிக்கு மாத்திவிடலியா?"

"என்ன மாத்திவிடணும்?"

"ஒரு கிரேனுக்கு ஒரு கைதான் மேடம். தூக்குறதுக்கும் எறக்குறதுக்கும் அந்த ஒருத்தன் கையத்தான் பாக்கணும். வேற எவன் காட்டுனாலும் தொடக்கூடாது. ஷிஃப்ட் மாறும்போது பழைய ஆளு, மேல இருக்கறவர் கண்ணு முன்னாடி மேலங்கியக் கழட்டிப் புது ஆளுக்கு மாட்டிவிடணும். அன்னிக்கு நான் உங்களுக்குப் பண்ணேனே. நிறுத்துறதுக்கு மட்டும்தான் யாரு கை காட்டுனாலும் நிறுத்தணும். அதுல ஆள் பாக்க மாட்டாங்க."

போனை வைத்தேன். மேனேஜருக்கே தூக்காத மனுஷரிடம் மனைவியை அனுப்பிக் கை காட்டச் சொல்லியிருக்கிறேன். அக்கா சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னது காதில் கேட்டது.

திங்கட்கிழமை முறைப்படி செய்தேன். பஞ்சண்ணனுக்கு நேர் எதிரே நின்று மேலங்கியைக் கழற்றினேன், அக்காவுக்கு மாட்டினேன், "அண்ணே, இனிமே இவங்கதான்" என்று சொல்லிப் பின்னால் நகர்ந்தேன். அவர் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். அக்கா விரலைச் சுழற்றினார்.

எழுந்தார். இரண்டு மாசத்துக்குப் பிறகு அந்த அம்மாவின் தோளுக்கு மேலே அவர் முகம் இருந்தது. அக்கா அழுதுகொண்டே பட்டையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார், கண்ணைத் துடைக்கக் கை இல்லை. நான்தான் துடைத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை அக்கா மேலங்கியோடு தயாராக நின்றார். பஞ்சண்ணன் "சரி" என்றார், கண்ணால் என்னைத் தேடினார். நேற்று மாற்றிவிட்டது நேற்றோடு போயிருந்தது. நேற்று என்ற ஒன்றை வைத்துக்கொள்ள அவரிடம் இடமே இல்லை. மறுபடி மாற்றினேன், எழுந்தார். மதியம் மறுபடி என்னைத் தேடினார். அப்படியானால் என்னை மட்டும் எப்படி ஞாபகம் வைத்திருந்தார்? வைத்திருக்கவில்லை. நான் யார், என் பெயர் என்ன, எதுவும் தெரியாது. நான்கு வாரம், தினமும் இரண்டு வேளை, தப்பே வராமல் என் கையைப் பார்த்து எழுந்து எழுந்து, அவர் உடம்பில் அது ஏறிவிட்டது. அப்படி ஏறுவதற்குத்தான் அதே ஆள், அதே வரிசை என்று நான் வைத்திருந்தேன். நான் சரியாகச் செய்த வேலைதான் அது.

அந்தப் பழக்கத்திலிருந்து என்னை அழிக்க முடியுமா என்று பார்த்தோம். நான் ஒளிந்துகொண்டேன். திரைக்குப் பின்னால், கதவுக்குப் பின்னால், வராந்தாவில். வியாழன் மதியம், காலையில் மாற்றிவிட்டதன் சூட்டில், நான் இல்லாமலே அரை நிமிஷம் தயங்கி அக்காவின் கைக்கு எழுந்தார். ஒரே ஒரு தடவை. கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை டாக்டர் மூன்று தடவை நேரம் கொடுத்தார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், நல்ல மனுஷர். காலையில் மாற்றிவிட என்னை அனுமதிக்கவில்லை. வீட்டுக்குத் தினமும் நீங்கள் போவீர்களா என்று கேட்டார். முதல் தடவை "சரி" என்று உட்கார்ந்தே இருந்தார். இரண்டாவது தடவையும் அதே சரிதான். மூன்றாவது தடவை பஞ்சண்ணன் முன்னால் சாய்ந்தார், இடுப்பு ஒரு விரற்கடை எழும்பியது, அக்காவின் முகத்தில் பார்வை நின்றது. நான் வேண்டாத தெய்வமில்லை. பிறகு கதவுப் பக்கம் திரும்பித் தேடினார், உட்கார்ந்துவிட்டார்.

"இன்னும் நாலு வாரம் குடுங்க சார்" என்றேன் வெளியே. "அவங்க கைக்கும் பழகிடும். கண்டிப்பாப் பழகிடும்."

"அந்தக் கட்டிலுக்கு ஒரு அம்மா பதினோரு நாளா வெளிய காத்துக்கிட்டிருக்காங்க" என்றார் டாக்டர். பிறகு என் முகத்தைப் பார்த்து, ஆறுதலாகவே சொன்னார். "நாலு வாரம் நமக்கு இருந்துச்சேம்மா. நீங்களும் நல்லாத்தான் பண்ணீங்க."

அக்காவிடம் நானே போய்ச் சொன்னேன். பையின் வாரைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தார்.

"அன்னைக்கு அந்தத் தம்பி சட்டைய என்கிட்டத்தான் நீட்டுச்சு, இல்ல சிஸ்டர்?"

"ஆமாக்கா."

"அதான் கேட்டேன்." அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்குக் கோபம் மூக்கு நுனியில், எவ்வளவு திட்டினாலும் வாங்கிக்கொள்ளவும் தெரியும். அவர் மேலங்கியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, எழுந்துபோய்க் கணவரின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டார்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்தப் பராமரிப்பு இல்லத்துக்குப் போனேன். குறை சொல்ல முடியாத இடம். அறைகள் சுத்தமாக இருந்தன, சன்னல்கள் பெரிசு. பஞ்சண்ணனின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே நோயாளிகளைத் தூக்குகிற இயந்திரம் நின்றது. இரும்புத் தூண், அதிலிருந்து நீளும் கை, அதன் நுனியில் கொக்கி. நோயாளியை ஒரு துணித் தொட்டிலில் இட்டு, நான்கு வாரையும் கொக்கியில் மாட்டி, பொத்தானை அழுத்தினால் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் இறக்கிவிடும். ஆயிரம் தடவை பார்த்த சாமான். அன்றுதான் அது என்ன என்று கண்ணில் பட்டது.

பஞ்சண்ணன் தொட்டிலில் திமிறிக்கொண்டிருந்தார். நல்ல கை வாரைப் பிடித்து இழுத்தது, பணிப்பெண் பொத்தானை அழுத்தப் பயந்து நின்றாள். கட்டிலின் கால்மாட்டில் அக்கா, முழங்கால்வரை ஆரஞ்சு மேலங்கி. உள்ளங்கையைக் கீழே காட்டிக் கையை இருபக்கமும் வீசினார். பஞ்சண்ணன் சட்டென்று அடங்கினார். ஒரு அசைவில்லை. இயந்திரம் முனகிக்கொண்டு அவரைத் தூக்கியது, அக்கா கையை நீட்டியபடியே கூடவே நகர்ந்தார், நாற்காலியில் இறங்கும்வரை.

"இந்த அம்மா வந்தாத்தான் எங்களால தூக்க முடியுது" என்றாள் பணிப்பெண், வாரைக் கழற்றிக்கொண்டே. "காலைல ஒரு வாட்டி, சாயங்காலம் ஒரு வாட்டி, ரெண்டு பஸ் மாறி வராங்க."

அக்கா என்னைப் பார்த்துவிட்டார். சிரித்தார். "வாங்க சிஸ்டர். இதுக்கு மட்டும் என் கையப் பாக்குறாரு."

அப்போது பஞ்சண்ணனும் திரும்பினார். என்மேல் பார்வை பட்டதும் முன்னால் சாய்ந்தார். நான் கையே காட்டவில்லை. பாதம் பின்னால் போயிற்று, நல்ல கை நாற்காலியின் பிடியை அழுத்தியது, இடுப்பு எழும்பியது. அவர் இடுப்பில் இப்போது பட்டை இல்லை, முழங்காலுக்கு முட்டுக்கொடுக்க எதிரே யாரும் இல்லை. அக்கா பதறிக் கையை வீசினார். நின்றார், பாதி எழுந்த நிலையிலேயே. பணிப்பெண் தோளை அமுக்கி உட்காரவைத்தாள். உட்கார்ந்ததும் மறுபடி என்னைப் பார்த்தார், மறுபடி சாய்ந்தார்.

"சிஸ்டர்" என்றார் அக்கா. அவர் பார்வை பஞ்சண்ணனைவிட்டு அகலவில்லை. "தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க இனிமே வர வேணாம். உங்களப் பாத்தா எழுந்திரிக்கப் பாக்குறாரு. விழுந்துடுவாரு."

தலையாட்டினேன். போவதற்கு முன்னால் அவரை அப்படியே விட்டுவிட்டுப் போக முடியாது. என் கை எதையாவது சொல்லும்வரை அவர் எழுந்துகொண்டேதான் இருப்பார். வாசலிலேயே நின்று, இரண்டு கைகளையும் வயிற்றுக்கு முன்னால் கோர்த்துக் காட்டினேன்.

பஞ்சண்ணன் முதுகைச் சாய்த்தார். பெருமூச்சு விட்டார். "சரி" என்றார்.

பிறகு அக்காவின் பைக்காக நல்ல கையை நீட்டினார். அக்கா ஒரு கணம் தயங்கிவிட்டுப் பையைக் கொடுத்தார். அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலியை யாராவது தள்ளுவார்கள் என்று கதவைப் பார்த்துக் காத்துக்கொண்டிருந்தார்.